பெயர் சொல்லாத பாட்டு

பாடகி ஜோனி மிட்செலின் 'ப்ளூ' ஆல்பம் 1971 ஜூன் 22 அன்று வெளிவந்தது. மொத்தம் பத்துப் பாட்டு. கேட்டு முடிக்க முப்பத்தாறு நிமிடம் போதும். 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2020-ல் எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது அதற்கு மூன்றாம் இடம் கொடுத்தது. அதே இதழ் 1971-ல் வெளியிட்ட விமர்சனத்தில், மூன்றாவது பாட்டான 'லிட்டில் கிரீன்' மட்டும் பூடகம் மிகுந்தது, ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த விமர்சகரைக் குறை சொல்ல முடியாது. விளங்கிக்கொள்ளத் தேவையான செய்தி அப்போது மிகச் சிலருக்குத்தான் தெரியும். அவர்களில் யாரும் வாய் திறக்கவில்லை.

என் வாழ்க்கையில் எந்தப் பாட்டையும்விட அதிகமாக எனக்குள் வேலை செய்தது அந்த விளங்காத பாட்டுதான். மனத்தை மறைக்காமல் பாடுவது என்றால் என்ன என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதிலும் அதுதான்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஃபோர்ட் மெக்லியோட் என்ற சிற்றூரில் 1943 நவம்பர் 7 அன்று பிறந்தவர் ராபர்ட்டா ஜோன் ஆண்டர்சன். மிட்செல் என்பது பின்னாளில் மணம் வழியாக வந்து, மணம் முறிந்த பிறகும் தங்கிவிட்ட பெயர். வளர்ந்ததெல்லாம் பக்கத்து மாநிலமான சாஸ்கச்சுவானில். கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை வயலும் அதன் மேல் வானமும் மட்டும் இருக்கும் சமவெளி அது. ஒன்பது வயதில் போலியோ தாக்கியது. மருத்துவமனையில் படுத்திருந்த சிறுமி இனி நடப்பாளா என்பதே சந்தேகமாக இருந்தது. நடந்தாள். ஆனால் இடது கை தளர்ந்துபோனது.

ஏழாம் வகுப்பில் ஆர்தர் கிராட்ஸ்மன் என்றொரு ஆசிரியர். படம் வரைந்துகொண்டிருந்த பெண்ணிடம், தூரிகையால் தீட்டத் தெரிந்தவளுக்குச் சொல்லாலும் தீட்ட முடியும் என்று சொன்னவர். அவள் எழுதிக் கொடுத்த கவிதையில் யாரோ சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொடர்களையெல்லாம் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான். 1968-ல் வந்த தன் முதல் இசைத்தட்டை ஜோனி அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்த வட்டங்கள்தான் ஜோனியின் பாட்டுக்கு அடித்தளம் என்று நான் நம்புகிறேன். பொதுவான துக்கம், பொதுவான காதல் எதையும் அவர் எழுதியதில்லை. எந்தத் துக்கம், எந்த ஊரில், என்ன குளிரில், யார் மேல் தப்பு என்பது வரைக்கும் இறங்கிவிடுவார்.

தளர்ந்த கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமான சுருதியில் கிடார் வாசிக்க இடது கை விரல்கள் விரிந்து, வளைந்து, கம்பிகளை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஜோனியால் அது முடியவில்லை. அதனால் பிருடைகளைத் திருகித் திருகி, கம்பியை அழுத்தாமல் மீட்டினாலே ஒரு முழு கார்டு ஒலிக்கும்படி சுருதியையே மாற்றிக்கொண்டார். ஒரு பாட்டுக்கு ஒரு சுருதி, அடுத்ததற்கு வேறொன்று என ஐம்பதுக்கும் மேற்பட்ட முறைகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் பிறந்த கார்டுகள் விசித்திரமானவை. ஆதார ஷட்ஜத்துக்கு வந்து அமராமல் அந்தரத்திலேயே நிற்பவை. கேள்வி கேட்கும் கார்டுகள் என்று அவற்றைச் சொன்னார் ஜோனி. அப்படி நிற்கும் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக் கூடாது என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் வாழ்க்கை இலக்கணப்படி நடக்கவில்லை. பாட்டு மட்டும் எப்படி நடக்கும்?

1964-ல் கால்கரி நகரத்து ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது கருவுற்றார். மணமாகவில்லை. கனடாவில் கருத்தடைச் சாதனம் விற்பதே 1969 வரை சட்டப்படி குற்றம். கருக்கலைப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெற்றோரிடம் சொல்லாமல் டொரான்டோ போனார். குழந்தையின் தந்தை கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார். குளிர்கால டொரான்டோவில் வாடகை அறை, காபி விடுதிகளில் பாட்டு, கையில் காசில்லை. 1965 பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. கெல்லி என்று பெயர் வைத்தார். அந்த ஆண்டே சக் மிட்செல் என்ற பாடகரை மணந்தார். குழந்தைக்கு ஒரு வீடு அமையும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. அமையவில்லை. குழந்தை தத்துக்குப் போனது. இருபத்தோரு வயதுப் பெண் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டாள்.

'லிட்டில் கிரீன்' இந்தக் கதைதான். பாட்டில் கெல்லி என்ற பெயர் வராது. ஆனால் கெல்லி கிரீன் என்று ஒரு பச்சை நிறம் உண்டு. பெற்றவள் வைத்த பெயர் நிறத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அப்போது வெளியுலகில் யாருக்கும் இது தெரியாது. ஜோனியைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் வேறு கதைகள். லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யன் மலைச்சரிவில் பாடகர் கிரகாம் நாஷுடன் வாழ்ந்தது, அதை முறித்துக்கொண்டு 1970-ல் ஐரோப்பா போனது, கிரீட் தீவின் மட்டாலா கடற்கரைக் குகைகளில் ஹிப்பிகளோடு தங்கியது, பிறகு பாடகர் ஜேம்ஸ் டெய்லருடன் வந்த காதல். அந்த அலைச்சலில் கிடாரை விட்டுவிட்டு, மடியில் வைத்து வாசிக்கும் டல்சிமர் என்ற கருவியைக் கையில் எடுத்தார். 'ப்ளூ'வின் நான்கு பாட்டுகள் அந்தக் கருவியில் பிறந்தவை.

ஒலிப்பதிவு ஹாலிவுட்டின் ஏ அண்டு எம் கூடத்தில் நடந்தது. அதே கட்டடத்தில் அதே நாட்களில் பாடகி கரோல் கிங் தன் 'டேப்பஸ்ட்ரி'யைப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஜேம்ஸ் டெய்லர் இருவருக்கும் கிடார் வாசித்தார். ஒரே கூரைக்குக் கீழே இப்படி இரண்டு ஆல்பங்கள் உருவாவது இசை உலகில் அடிக்கடி நடப்பதில்லை. ஜோனி பாடும்போது கூடத்தின் கதவை உள்ளே பூட்டிக்கொண்டார்களாம். யாராவது ஏறிட்டுப் பார்த்தாலே அழுதுவிடும் நிலையில் இருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சிகரெட் பெட்டிமேல் சுற்றியிருக்கும் கண்ணாடித்தாள்போலத் தன்னை உணர்ந்ததாகவும் சொன்னார். ஆல்பத்தைப் போட்டுக் காட்டியபோது பாடகர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் பதறிவிட்டார். உனக்கென்று கொஞ்சமாவது மிச்சம் வைத்துக்கொள் என்ற பொருளில் அவர் சொன்னது, இன்றைக்கு வரைக்கும் 'ப்ளூ'வைப் பற்றி எழுதும் எல்லாரும் எடுத்துச் சொல்வது.

நானும் பல காலம் அதை மெச்சிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிப் படவில்லை. ஜோனி மிச்சம் வைத்திருந்தார். எது மிக முக்கியமோ அதை மூன்றாவது பாட்டில், எல்லார் காதுக்கும் முன்னால் வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் இருந்தார்.

இங்கேதான் என் ஈடுபாடு தொடங்குகிறது. நான் தமிழ்வழியில் படித்தவன். 'ப்ளூ' என் காதுக்கு வந்தது கல்லூரி விடுதியில், அறைத்தோழனின் கணினி வழியாக. சொற்கள் பாதி புரியவில்லை. அதற்கும் முன்னால் ஒரு தடை இருந்தது. சினிமாப் பாட்டில் ஊறிய காது என்னுடையது. கண்ணதாசன் எழுத, எம்.எஸ்.வி. மெட்டமைக்க, டி.எம்.எஸ். பாட, சிவாஜி வாயசைக்க, நால்வரும் சேர்ந்து எழுப்பும் துக்கம் நம்முடையது. அந்தக் கூட்டு உழைப்பு இல்லாவிட்டால் நானெல்லாம் அழக்கூடக் கற்றிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டில் 'நான்' என்று வந்தால் அது கதாபாத்திரம். எழுதியவரின் நெஞ்சு எங்கோ பின்னால் இருக்கும். இங்கே ஒரு பெண் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே மீட்டி, தன்னைப் பற்றியே பாடுகிறாள். ஒளிந்துகொள்ள ஒரு திரைகூட இல்லை. முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்ட கூச்சம்.

'ரிவர்' அதைப் போக்கியது. கிறிஸ்துமஸ் காலத்துப் பாட்டு அது. 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டைப் பியானோ சோகமாகத் தொட்டுவிட்டுத்தான் பாட்டுக்குள் போகும். பிரிவுப் பாட்டுகளில் பெரும்பாலும் போனவர் மேல்தான் பழி விழும். இந்தப் பெண்ணோ தன்னைச் சமாளிப்பதே கஷ்டம், தான் சுயநலக்காரி, நல்ல மனிதரைத் தானே இழந்துவிட்டதாகச் சொல்கிறாள். தன்னிரக்கம் துளியும் இல்லாமல் சொல்கிறாள். தன் காயத்தைக் காட்டுவது பெரிய துணிச்சல் இல்லை, பலர் செய்வதுதான். தான் மற்றவருக்கு உண்டாக்கிய காயத்தை இவ்வளவு நேராகப் பாடியவர்களை நான் அதிகம் கேட்டதில்லை.

'லிட்டில் கிரீன்' மட்டும் பிடிபடவில்லை. ஆனால் அது வந்தால் கையிலிருக்கும் வேலை நின்றுவிடும். யாருக்கோ சொல்லும் வாழ்த்துபோல இருக்கும், தாலாட்டுபோல இருக்கும், இரண்டும் இல்லாமலும் இருக்கும். பாடுகிறவள் குரலில் அழுகை இல்லை. சின்னப் பிள்ளைக்கு வண்ணங்களைச் சொல்லிக் கொடுப்பதுபோல நிதானமாகப் பாடுகிறாள். பின்னணிக் கதையைப் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு உடனே நினைவு வந்தது ஜோனி அல்ல. என் அம்மா.

என் அம்மாவின் மூத்த மகளை, அவள் தவழும் பருவத்திலேயே, பிள்ளை இல்லாத பெரியம்மாவுக்குக் கொடுத்தார்கள். ஊர்ப்பக்கம் இது புதிதில்லை. கூடப் பிறந்தவளுக்குப் பிள்ளை இல்லையென்றால் இன்னொருத்தி ஒன்றைக் கொடுப்பாள், வீடே அதைப் புண்ணியம் என்று சொல்லும். சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் எழுதினார்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகப்பன் பிள்ளையைத் தத்துக் கொடுக்கப் பெற்றவளின் சம்மதம் வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டாள். ரேஷன் கார்டில் ஒரு பெயரை அடித்தார்கள். அக்கா பெரியம்மாவை அம்மா என்றும், பெற்றவளைச் சித்தி என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் வருவாள். அம்மா அவளுக்குப் பிடித்ததைச் சமைப்பாள். அதைத் தாண்டி ஒரு வார்த்தை, ஒரு பார்வை கூடுதலாக இருக்காது. பெரியம்மா மனம் நோகக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அக்காவுக்கு நடந்தது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

அம்மாவுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, பழகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேசாதவர்களுக்கு வலிக்காது என்று பிள்ளைகள் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். அழாமல், யாரையும் பழிக்காமல், குழந்தையின் நலத்தை மட்டும் வேண்டிக்கொண்டு பாடும் அந்தக் குரலைக் கதை தெரிந்து கேட்ட இரவில் அந்த எண்ணம் போய்விட்டது. அம்மாவின் நிதானத்துக்குள் என்ன இருந்திருக்கும் என்று முதல்முறையாக எட்டிப் பார்த்தேன். சாஸ்கச்சுவானில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கும் என் அம்மாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தப் பாட்டை நான் அவளுக்குப் போட்டுக் காட்டியதும் இல்லை. ஆனால் அவளிடம் நான் பேசும் விதம் அன்றிலிருந்து மாறியது.

என் பாட்டைக் கேட்டு என்னைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, உங்களையே பார்த்தால்தான் ஏதாவது கிடைக்கும் என்ற பொருளில் ஜோனி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதை அவர் ஏன் சொல்ல வேண்டியிருந்தது என்பதற்குப் பின்னணி உண்டு. 'ப்ளூ' வந்த மறு ஆண்டில், அதே 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அவர் காதலர்கள் யார் யார் என்று வரைபடம் போட்டு வெளியிட்டது. எந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று ஆராய்வதே பலருக்குப் பொழுதுபோக்கானது. மனம் வெறுத்த ஜோனி பல ஆண்டுகள் அந்த இதழோடு பேசவில்லை. உண்மையாகப் பாடியவருக்கு ரசிகர்களும் பத்திரிகைகளும் செய்த கைம்மாறு அது. என் தொழில் பத்திரிகை என்பதால் இதை இன்னும் வருத்தத்தோடு எழுதுகிறேன்.

யாரைப் பற்றிய பாட்டு என்ற இந்தக் கேள்விக்கு நம்மிடம் பழைய விதி ஒன்று உண்டு. அகப்பாட்டில் தலைவன் தலைவி யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். பெயர் சொல்லிவிட்டால் அது புறமாகிவிடும். நெஞ்சில் நடப்பதை அணுவணுவாகச் சொல்லலாம். மழை, மாலை, நள்ளிரவு, அன்னையின் காவல், தோழியின் கோபம் எல்லாவற்றையும் சொல்லலாம். யாருடைய நெஞ்சு என்பதை மட்டும் சொல்லாமல் விட வேண்டும். அப்படி விட்டதால்தான் குறுந்தொகைத் தலைவியின் ஏக்கத்தில் இன்றைக்கும் நாம் போய் உட்கார முடிகிறது. ஜோனி அந்த விதியைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனால் 'லிட்டில் கிரீ'னில் அவர் செய்தது அதைத்தான். உணர்ச்சியில் ஒரு பொய் இல்லை, விவரத்தில் ஒரு பெயர் இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிடுவதே நேர்மை என்று இன்று பேசுகிறோம். ஒருத்தி தன் உயிரின் பாதியைப் பாடிவிட்டு, பிள்ளையின் பெயரை மட்டும் தனக்குள் வைத்துக்கொண்டதால் அந்தப் பாட்டின் நேர்மை கூடியதே தவிர குறையவில்லை.

மறைப்பது அவருக்கு எளிதாக இருக்கவில்லை என்பதற்கும் பாட்டிலேயே தடயம் இருக்கிறது. 1982-ல் வந்த 'சைனீஸ் கஃபே' என்ற பாட்டில், நடுவயதுப் பெண்கள் இருவர் பழைய ஊரைப் பற்றிப் பேசிக்கொள்ளும் இடத்தில், தனக்கொரு மகள் உண்டு, பெற்றோமே தவிர வளர்க்க முடியவில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிடுவார். கேட்டவர்களில் பலர் அதைக் கடந்து போனார்கள். 1990-களில் பழைய அறிமுகம் ஒருவர் வழியாகச் செய்தி பரபரப்புப் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது. வேறு பெயரில், வேறு குடும்பத்தில் வளர்ந்திருந்த மகளும் தன்னைப் பெற்றவளைத் தேடிக்கொண்டிருந்தார். 1997-ல் தாயும் மகளும் சந்தித்தார்கள். அதன் பிறகு எல்லாம் சுபம் என்று எழுத முடியாது. முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளி ஒரு அணைப்பில் மூடிவிடாது. அந்த உறவிலும் உரசல்கள் வந்தன.

மகள் போனபோது தனக்குப் பாட்டு எழுத வந்தது, மகள் திரும்பியதும் அந்த வரமும் போய்விட்டது, அவள் வரும்வரை காத்திருந்த நேரத்தில் செய்த வேலைதான் பாட்டு எழுதியது என்று ஜோனி பின்னால் சொன்னார். இதைப் படித்துவிட்டு அவருடைய ஆல்பங்களை வரிசையாகக் கேட்பது வேறு அனுபவம். 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' 1974-ல், 'ஹெஜிரா' 1976-ல், ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸுடன் சேர்ந்து தொடங்கி அவர் இறந்த பிறகு வெளிவந்த 'மிங்கஸ்' 1979-ல். காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் தனியாகப் போய்க்கொண்டே இருக்கும் ஒருத்தியின் பாட்டுகள் 'ஹெஜிரா' முழுக்க. ஜாகோ பாஸ்டோரியஸின் பாஸ் கிடார் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வரும். எனக்குத் தனிப்பட 'ப்ளூ'வைவிட 'ஹெஜிரா' உயர்ந்தது. ஆனால் அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

குரல் மாறியதைப் பற்றிச் சிலர் குறைபட்டுக்கொள்வார்கள். 'போத் சைட்ஸ், நவ்' பாட்டை அவர் எழுதியபோது வயது 23. விமானத்தில் சால் பெல்லோவின் நாவலைப் படித்துக்கொண்டிருந்தவர் அதில் மேகத்தை மேலிருந்து பார்க்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுதத் தொடங்கிய பாட்டு அது. வாழ்க்கையை இருபுறமும் பார்த்துவிட்டதாகச் சொல்லும் பாட்டை அந்த வயதில் எழுதலாமா என்று கேட்டவர்கள் உண்டு. 2000-ல், 56 வயதில், முழு ஆர்கெஸ்ட்ராவோடு அதே பாட்டைப் பாடினார். பல்லாண்டுப் புகைப்பழக்கத்தில் குரல் கீழே இறங்கி, கரகரத்து, மூச்சு நடுவில் நிற்கிறது. சொல்லுக்குச் சொல் அதே பாட்டு. இளமையில் ஊகித்ததை வாழ்ந்து முடித்து வந்து சொல்கிறார். அந்தப் பதிவைக் கேட்ட பிறகு பழைய கிளிக்குரல் பதிவைக் கேட்டால், அந்தப் பெண்ணை நிறுத்திவைத்து எச்சரிக்க வேண்டும்போல இருக்கிறது.

2015-ல் மூளை இரத்தக்குழாயில் வீக்கம் கண்டு நினைவிழந்து கிடந்தார். பேச்சும் நடையும் போய்விட்டன. போலியோவுக்குப் பிறகு மறுபடியும் நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை. பாடகி பிராண்டி கார்லைல் முதலானவர்கள் அவர் வீட்டில் கூடிப் பாடினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவரும் சேர்ந்துகொண்டார். கிடாரில் விரலை எங்கே வைப்பது என்பது மறந்திருந்தது. தன்னுடைய பழைய வீடியோக்களைப் பார்த்து, தன்னிடமிருந்தே அதைக் கற்றுக்கொண்டார். 2022 ஜூலை 24 அன்று, முன்னறிவிப்பு இல்லாமல், நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழா மேடைக்கு வந்தார். கடைசியாக அங்கே பாடியது 1969-ல். 'போத் சைட்ஸ், நவ்' பாடியபோது பின்னால் உட்கார்ந்திருந்த பாடகி வைனோனா ஜட் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருப்பது பதிவில் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்து நின்று, 'ஜஸ்ட் லைக் திஸ் ட்ரெய்ன்' பாட்டை வார்த்தை இல்லாமல் கிடாரில் மட்டும் வாசித்தார். 2024 பிப்ரவரியில், 80 வயதில், கிராமி மேடையில் முதல்முறையாகப் பாடினார். அன்று சிறந்த நாட்டுப்புற ஆல்பத்துக்கான விருதை வாங்கியது அந்த நியூபோர்ட் பதிவுதான்.

அக்காவின் மகள் இப்போது கிடார் கற்கிறாள். ஆரம்பத்திலேயே துக்கப் பாட்டைக் கொடுக்க மனமில்லாமல், 'கேரி'யை அனுப்பினேன். மட்டாலா குகையில் இருந்தபோது அறிமுகமான செம்பட்டைத் தலைச் சமையல்காரரைப் பற்றிய துள்ளல் பாட்டு அது. ஜோனி என்றால் அழுகை மட்டும் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. இரண்டு நாளில் பதில் வந்தது. வழக்கமான சுருதியில் எதுவும் சரியாக வரவில்லையாம், இந்தப் பெண்மணி என்னதான் செய்கிறார் என்று கேட்கிறாள். டல்சிமரைப் பற்றியும் பிருடைகளைத் திருகுவது பற்றியும் நீளமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்து 'ரிவர்' கேட்கச் சொல்லப் போகிறேன்.